முப்பத்திரண்டாம் பக்கம்

ஜூலை 7, திங்கள்
மருந்துக்கடையில் நாள் முழுக்க டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிக்கிறேன். என் மகள் வாலுவின் மூன்றாம் வகுப்பு நோட்டு மட்டும் புரியவில்லை. 'கெ' எழுதச் சொன்னால் கொம்பைக் கடைசியில் போடுகிறாள். "சத்தம் பின்னாடிதானேம்மா வருது? கொம்பு ஏன் முன்னாடி நிக்குது?" என்றாள். பதில் தெரியவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டேன்.

எட்டு வயசுப் பிள்ளைய அடிச்சுட்டேன். நான்லாம் ஒரு அம்மா.

ஜூலை 9
வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். 25ஆம் தேதி வெளியிலிருந்து ஒரு மேடம் வந்து வாசிக்கச் சொல்லிப் பார்ப்பாராம். "படிக்கலன்னா ரெண்டாங்கிளாசுக்கே இறக்கிடுவாங்கன்னு பேசிக்கிறாங்க. நான் சொன்னதா சொல்லிடாதீங்க."

ஜூலை 10
பயமாக இருக்கிறது. வேறெதுவும் எழுத வரவில்லை.

ஜூலை 13
எந்தப் பாடம் கேட்பார்கள் என்று டீச்சர் வாயைப் பிடுங்கிவிட்டேன். முப்பத்திரண்டாம் பக்கம், ஆமைப் பாடம். நான் படிக்கப் படிக்க வாலு திருப்பிச் சொன்னாள். நாலே தடவை. வரி பிசகாமல் ஒப்பிக்கிறாள், கழுதை! விரலை எங்கே நகர்த்துவது என்றும் பழக்கினேன்.

வாலுவின் அப்பா பார்த்துவிட்டு, "யார ஏமாத்துற?" என்றார்.

"அன்னிக்கு ஒரு நாள் தப்பிச்சா போதும். நீங்க சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன். யாரைத்தான் ஏமாற்றுகிறேன்?

ஜூலை 25
நானும் வாலுவோடு வகுப்புக்குப் போயிருந்தேன்.

ஆமைப் பாடத்தை வாலு கடகடவென்று ஒப்பித்தாள். டீச்சரே வாயைப் பிளந்தார். வந்த மேடம் சிரித்தார். "நல்லாத்தானே படிக்கிறா! படிக்கத் தடுமாறுற பிள்ளைங்களுக்குத் தனியா சொல்லிக்குடுக்குற வகுப்புல ஒரே ஒரு இடம்தான் இருக்கு. அத வேற பிள்ளைக்குக் குடுத்துடலாம்."

தனி வகுப்பா? அதற்காகவா வந்தார்? யாருமே சொல்லவில்லையே! அவர் பேனாவைத் திறந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் இறக்கிவிடுவார்களோ — சொல்லாவிட்டால் இவள் கதி? வாலு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஜெயித்துவிட்டோம் என்று.

"அடுத்த பக்கத்தத் திருப்புங்க மேடம்" என்றேன்.

திருப்பினார். முதல் சொல்லிலேயே வாலுவின் விரல் நின்றுவிட்டது. "இது நீ சொல்லிக்குடுக்கலையேம்மா" என்றாள், எல்லார் முன்னாலும். அவமானத்தில் செத்தேன். மேடம் என்னைத் திட்டவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீடு வரைக்கும் வாலு என் கையைப் பிடிக்கவேயில்லை.

ஆகஸ்ட் 1
அந்த இடம் வாலுவுக்குத்தான். கீழ் வகுப்புக்கு இறக்கவில்லை. தினமும் நாற்பது நிமிடம். வாலு இன்னும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

செப்டம்பர் 4
பலன் இல்லையென்றால்?

நவம்பர் 15, சனி
பள்ளி விடுமுறை. வாலுவைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். மேசை மேலிருந்த மருந்துப் பெட்டியை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு அசைந்தது. "குழ... குழந்... குழந்தைகளுக்கு..." நின்றுவிட்டாள். சொல்லிக்கொடுக்க வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். "ஏம்மா, அவசரம்" என்றார் ஒருவர். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன்.

"எட்... எட்டாத... இடத்தில்... வைக்கவும்."

"அப்படின்னா என்ன அர்த்தம்னு தெரியுமாடி? சின்னப் பிள்ளைங்க இதத் தொடக் கூடாது."

"அதான் தொடாமப் படிச்சேன்" என்றாள்.