பெட்டிக்குக் கொடுத்த கை

ஜூன் 3, செவ்வாய்

செஸ் போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றேன். கம்ப்யூட்டரிடம். இனி அதைப் பெட்டி என்றே எழுதுவேன். மரியாதை கொடுக்க மனசில்லை. அதற்குக் கை கிடையாது என்பதால், அது சொல்லும் காயை நகர்த்த எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஏசி ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே இருந்தார். எத்தனையோ சாம்பியன்களோடு மோதிய நான், கடைசியில் இந்தத் தும்மலுக்குக் கை கொடுத்து, தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து வந்தேன்.

ஜூன் 4

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். யாரோ ஒருவரின் ஈறு மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில், என் ஆட்டத்தைப் போனில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

"நீ கை குடுத்தியே, அந்த இடத்துல ஆட்டம் டிராவாம்."

இலவச ஆப் சொல்கிறது. நானும் பார்த்தேன். நிஜம்தான். ராணியை வைத்து செக், செக் என்று ராஜாவைத் துரத்திக்கொண்டே இருந்தால் போதும்; பெட்டியால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

"நல்ல பல்லைப் பிடுங்கிக் குடுத்துட்டு வந்திருக்க." சிரிப்பு வேறு.

ராத்திரி அவர் சமைத்ததை நான் தொடவில்லை. கோபம் அவர்மேல்; பட்டினி கிடந்தது நான்.

ஜூன் 5

அந்த வழி என் கண்ணில் படவில்லையா? பட்டது. அதுதான் வயிற்றெரிச்சல். பெட்டி இதையெல்லாம் பார்க்காமலா விட்டிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எதிரே ஒரு மனுஷன் இருந்திருந்தால் — எங்கே, தடுத்துப் பார் என்று ஆடியிருப்பேன். அது ஒண்ணும் என்னை ஜெயிக்கல. பயந்தாங்கொள்ளி, நானே தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.

ஜூன் 6

நாளை இரண்டாவது ஆட்டம். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? தெர்மாமீட்டர் ஒத்துழைக்க மறுக்கிறது.

போகாமல் இருந்தால், அடுத்து மனுஷன் எதிரே உட்கார்ந்தாலும் இதே பயம் வருமே. அப்புறம் என்னத்தை ஆடுவது? போய்த் தொலைகிறேன்.

ஜூன் 7, சனி

பாதியிலேயே என் குதிரை ஒன்று போனது. பழக்கதோஷம், தும்மல்காரர் கையை நீட்டிக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்க சார். ராஜா இன்னும் உசுரோடதான் இருக்கார்."

சாப்பாட்டு நேரம் தாண்டி, என் ராஜா மேட் ஆகும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "எங்கயாவது டிரா இருந்துச்சா, பாருங்க."

அவர் ஒவ்வொரு காயாக நகர்த்திப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"எங்கயும் இல்ல. குதிரை போனப்புறம் சுத்தமான தோல்வி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."

அப்பாடா. அகோரப் பசி. அவர் தட்டில் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.