கீழ்வீட்டு யன்னல்

ஜனவரி 9, 2025

இன்றைக்கும் நான் வாடகைக்கு விட்ட கீழ்வீட்டு யன்னல் ஆவென்று திறந்து கிடக்கிறது. வெளியே பனி கொட்டுகிறது. தெர்யே குடிவந்து ஒரு மாதமாகிறது. ஒருநாளாவது அதைச் சாத்தினாரா? பல வருடம் ஒஸ்லோ தெருக்களில் படுத்தெழும்பிய மனுசன். வீடில்லாதவர்களுக்கான நகரசபைத் திட்டத்தில் அவரைக் கொண்டுவந்து விட்ட கம்சாயினியிடம் முறையிட்டேன்.

"மூடினால் மூச்சு முட்டுதாம், கொறற்றி அன்ரி. கொஞ்சம் பொறுங்கோ."

பொறுக்கிறேன். என் கரண்ட் காசில் இந்த ஹொல்ம்லியா ஊர் முழுவதையும் சூடாக்கட்டும்.

ஜனவரி 12

அந்த யன்னலைப் பார்த்தால் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் இருந்த ஞாபகம்தான். மீன் தொழிற்சாலையில் நானும் என் புருசன் சூசையும் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். குன்வோர் என்ற மனுசியின் கீழறையில் குடியிருந்தோம். யன்னலை மூடினால் சூசைக்கு நித்திரை வராது — ஆமி வரும் சத்தம் கேட்கவேண்டுமென்று யுத்தகாலத்தில் ஊரில் படுத்த பழக்கம். நான் காலுக்கு இரண்டு சோடி மேஸ் போட்டுக்கொண்டு, திட்டித் திட்டி அவரோடு ஒட்டிக்கொண்டு படுப்பேன். என்ன சந்தோசமான காலம் அது!

குன்வோர் ஒருநாளும் யன்னலை மூடச் சொல்லவில்லை. ஒருநாள் கம்பளிப் போர்வையோடு வந்து, எங்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டு, தன் சொந்த வீட்டிலேயே வெளியே நின்றாள். அவள் போனபிறகு நானும் சூசையும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது என்னோடு சேர்ந்து சிரிக்க அவர் இல்லை.

ஜனவரி 15

தெர்யே வெளியே போன நேரம் மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே போனேன். யன்னலைச் சாத்தி, கட்டிலை விரித்து, சோறும் மீன்குழம்பும் மூடிவைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்து மனுசன் அசந்துபோகட்டும்.

ஜனவரி 16

கம்சாயினி போன் எடுத்தாள். ஆரோ உள்ளே வந்துபோனார்கள் என்று தெர்யே பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டாராம். திரும்பவும் தெருவுக்கு.

நான் என்ன களவெடுக்கவே போனனான்? எங்கடை வீடுதானே?

"அன்ரி, அது இப்ப அவரின்ரை வீடு. கேக்காமல் போகேலாது."

ஜனவரி 17

மைனஸ் பதினாறு. எங்கை படுத்திருக்கிறாரோ? அந்தோனியாரே, துலைஞ்ச மோதிரத்தையெல்லாம் எடுத்துத் தந்தனீர், இந்த மனுசனையும் கொண்டுவந்து விடும். என்ரை புத்தியைச் செருப்பாலை அடிக்கவேணும்.

ஜனவரி 20

மாற்றுச் சாவியைக் கம்சாயினியிடம் கொடுத்தேன். அவரைக் கண்டுபிடித்து அவர் கையிலேயே கொடுக்கச் சொன்னேன்.

ஜனவரி 23

கீழ்வீட்டு யன்னல் திரும்பவும் திறந்திருக்கிறது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

மார்ச் 2

தெர்யே மேலே வந்தார். ஒரு கிழமை தமக்கை வீட்டில் நிற்கப் போகிறாராம். யன்னலைப் பூட்டிவிட்டாராம். என் கையில் வீட்டுச் சாவியை வைத்தார். தான் திரும்பி வருமுன் யன்னலை ஒருக்கால் திறந்துவிட முடியுமா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

மார்ச் 9

பின்னேரம் தெர்யே வருகிறார். யன்னலை அகலத் திறந்துவிட்டு வந்தேன். வேறொன்றையும் தொடவில்லை. உள்ளே ஆளில்லை என்று தெரிந்தும், முதலில் கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்சநேரம் வெளியே நின்றேன். சூசை இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.