உன் பெயரில் பக்தி, என் பெயரில் கானா

இன்று காலை பஸ் அடி அண்ணாமலை நிறுத்தத்தில் நின்றபோது உன் வீட்டுக்காரர் கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சூடம், ஊதுவத்தி, விபூதிப் பொட்டலம் எல்லாம் எப்போதும்போல அடுக்கியிருந்தன. மேலே மாலை போட்ட உன் படம், அதற்குக் கீழே அந்தக் கறுப்பு ஸ்பீக்கர். ஒரு பக்திப் பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, "பொண்டாட்டி நெனவா போடறாரும்மா அந்தக் கடைக்காரரு. அவங்க போன்ல இருந்த பாட்டுங்களாம். எவ்ளோ பக்தியான பொம்பள பாரு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் அந்த அம்மாவை ஏதாவது சொல்லியிருப்பேன், பாவம்.

உனக்கு அந்தப் பாட்டுகள் ஆகாது. இது தெரிந்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். நீ நாத்திகம் பேசியவள் இல்லை. கிருத்திகைக்கு விரதம் இருப்பாய், பஸ்ஸிலிருந்து மலை தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வாய். "சாமி மேல இன்னாடி கோவம்? ஸ்பீக்கர் மேலதான் கோவம். பல்லு வெளக்கறதுக்குள்ள ஆரம்பிச்சிடுது, வெளக்கு வெச்சாலும் நிக்கறதில்ல" என்பாய். கடை உன் வீட்டு வாசலிலேயே இருந்தது. வீட்டில் இருந்ததில் உன் போன்தான் நல்ல போன், ஆகவே அதைத்தான் ஸ்பீக்கரோடு இணைப்பார்கள். மலை சுற்றுகிற கூட்டம் பாட்டுக்கு நின்று சூடம் வாங்கும். பௌர்ணமிக்கு நீ லீவு போட்டுவிட்டுக் கடையில் நிற்பாய், போன் ஸ்பீக்கருக்குப் பாடும். மற்ற நாட்களிலும் நீ ஆபீசிலிருந்து வந்து போனைக் கீழே வைத்ததும் அது கடை வேலைக்குப் போய்விடும்.

உனக்குப் பிடித்தது கானா. சென்னைப் பையன்கள் சந்துக்குள் நின்று டப்பாவில் தாளம் போட்டுப் பாடுகிறார்களே, அந்தக் கானா. கலெக்டர் ஆபீசில் ஃபைல் தள்ளுகிற, கழுத்து நிறைய மஞ்சள் கயிறும் நெற்றி நிறையக் குங்குமமுமாக இருக்கிற ஒரு பொம்பளைக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு தடவை கேட்டேன். "பக்திப் பாட்டுல எல்லாரும் நல்லவங்களாவே இருக்கறாங்கடி. கானாவுலதான் மனுசன் குடிக்கறான், ஏமாத்தறான், அப்பறம் உக்காந்து அழுவறான். செத்தவனப் பத்திகூட உள்ளத உள்ளபடி பாடறான்" என்றாய். எனக்கு வீணை. அதில் வாய்ப்பாட்டே இருக்கக் கூடாது. "உன்னுது தூக்க மாத்திரை" என்று கேலி செய்வாய்.

வேங்கிக்காலில் இருக்கிற ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் நாம் வைத்திருந்த பந்தயம் வேறு யாருக்கும் புரியாது. உன் போனில் இருந்தது ரீசார்ஜோடு இலவசமாக வந்த செயலி. என்னுடையது மாதச் சந்தா கட்டுகிற செயலி. எது உசத்தி என்று தீர்த்துவிடுவதற்காகப் போகும்போது உன்னுடையது, திரும்பும்போது என்னுடையது. ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. நாமாக எதையும் தேடக் கூடாது, அது பரிந்துரைப்பதைத்தான் கேட்க வேண்டும்.

உன் செயலி ஆட்டு மந்தை. இந்த வாரம் ஊரே எந்தச் சினிமாப் பாட்டைக் கேட்கிறதோ அதை நமக்கும் ஊட்டிவிடும், நடுவில் மசாலாத்தூள் விளம்பரம் போடும். அது போக, கடையில் ஓடியதையெல்லாம் உன் ருசி என்று நம்பிப் பக்தியை மேலே மேலே கொட்டும். என் செயலி கொஞ்சம் காது கொடுக்கும். வீணை கேட்டால் நாலு நாளில் கோட்டுவாத்தியம் கொண்டுவரும். மூன்றாவதாக ஒன்றை இலவச மாதத்துக்கு இறக்கிப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? தமிழ் என்று தேர்ந்தெடுத்தும் அது தெலுங்கையும் இந்தியையும் விடாமல் தள்ளியது. "கல்யாண புரோக்கர் மாதிரி கீதுடி இது. நாம சொல்றது ஒண்ணு, அவன் எடுத்துக்கினு வர்ற ஜாதகம் ஒண்ணு" என்று சொல்லி அன்றே அழித்துவிட்டாய்.

உன் போனிலும் தொடக்கத்தில் நீ கானா கேட்டுக்கொண்டுதான் இருந்தாய், மாடியில் துணி காயப்போடும்போது, யாருமில்லாத நேரமாகப் பார்த்து. அந்தப் பௌர்ணமி மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும். கடையில் பக்தி வரிசை தீர்ந்துபோனதும் உன் செயலி தானாகவே யோசித்து, காலையில் நீ மாடியில் கேட்ட கானாவை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. காவி வேட்டி கட்டிய ஒரு பெரியவர் இரண்டு எட்டு ஆடிக்கூடக் காட்டினாராம். நீ ஓடிவந்து நிறுத்துவதற்குள் உன் மாமியார், "குடும்பப் பொம்பள போன்ல வர்ற பாட்டா இது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். உன் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது. நீ கண்ணிமைக்காமல், "அது விளம்பரம்ங்க, இலவச ஆப்ல அப்பிடித்தான் நடுவுல வரும்" என்றாய். இருவரும் நம்பினார்கள்.

மறுநாள் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்ததும் என் போனைப் பிடுங்கிக்கொண்டாய். "இனிமே என் பாட்டெல்லாம் உன் போன்லதான். உன் பேரு கெடட்டும். உனக்குத்தான் மாமியாரு மேல போயாச்சே" என்றாய். அதற்குப் பிறகு பந்தயமும் இல்லை, விதியும் இல்லை. போகும்போது கானா, மதியம் சோறு தின்னும்போது கானா, திரும்பும்போது கானா. என் செயலி ஒரு மாதத்துக்குள் என்னைக் கைகழுவியது. வீணை அடியில் போய்விட்டது. முகப்பில் 'உங்களுக்காகவே' என்று போட்டு வரிசையாகக் கானாப் பையன்கள் படத்தில் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், உனக்கு அது நன்றாகவே தேடிக்கொடுத்தது. ஒருநாள் அது ஒரு பெண் பாடிய கானாவைக் கொண்டுவந்தபோது நீ பஸ் என்பதையே மறந்து என் தொடையில் தாளம் போட்டாய். "பொம்பள கூட பாடுதுடி! இத எங்க போயி புடிச்சிது இந்த ஆப்பு? என் வயித்துல பொறந்ததுங்களுக்குக்கூட எனக்கு இன்னா புடிக்கும்னு தெரியாது" என்றாய். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். இன்னொரு நாள் மதியம் என் போனில் வீணை முடிந்து கானா அலறியது. சூப்பரிண்டெண்ட் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீ சாம்பார் சாதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "மேடத்துக்கு ரசனை ஜாஸ்தி சார்" என்றாயே, பாவி. அன்றிலிருந்து ஆபீசில் எனக்குக் கானா மேடம் என்று பெயர்.

நெஞ்சு வலி என்றாய், வேலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாய். நான் பார்க்கும்போது உன் மேல் வெள்ளைத் துணி இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் யாரோ சொந்தக்காரர் உன் போனை எடுத்து, "அண்ணிக்குப் புடிச்ச பாட்டையே போடலாம்" என்றார். செயலியைத் திறந்தார்கள். உன் பெயர் போட்டு, 'உங்கள் விருப்பங்கள்' என்று ஒரு வரிசை. முழுவதும் பக்தி. கடையில் வருடக்கணக்காக ஓடியது அத்தனையும் உன் விருப்பமாக அங்கே உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உனக்குப் படையல் போட்டுக் கும்பிடுகிற நேரத்தில் பாட்டு நின்று மசாலாத்தூள் விளம்பரம் வந்தது. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன், அழுகிறேன் என்று நினைத்து ஒருத்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள். நீ இருந்தால் என்னைக் கிள்ளியிருப்பாய். நீ இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். போன வாரம் உன் வீட்டுக்காரர் என்னைக் கடையில் நிறுத்தினார். முதல் வருடத் திதி வருகிறது. "நீங்கதாங்க அவளோட கூடவே இருந்தீங்க. போன்ல இருக்கறத தெனமும் போடறேன். இன்னும் இன்னா இன்னா பாட்டு புடிக்கும் அவளுக்கு? சொன்னீங்கன்னா திதி அன்னிக்கி போடுவேன்" என்றார். மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் மேல் எனக்கு எப்போதும் வருத்தம் கிடையாது, அதை நீயும் அறிவாய். கேட்கிறவர் உன்னைத்தான் கேட்கிறார், பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனை எடுத்து நீ தாளம் போட்ட அந்தப் பெண்ணின் கானாவைப் போட்டேன்.

அவர் பாதிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதுங்களா?" என்றார்.

"ஆமாங்க. இதான் அவளுக்கு உசுரு."

"அவ இதெல்லாம் கேக்க மாட்டாளேங்க."

"கேட்டாளேங்க. என் போன்ல கேட்டா. ஒரு பௌர்ணமிக்கு கடை ஸ்பீக்கர்லகூட வந்துச்சே, ஞாபகம் இல்லியா?"

"அது விளம்பரம்னு அவளே சொன்னாளே" என்றார்.

உள்ளே இருந்து உன் மாமியார் வந்துவிட்டார். "ஏம்மா, செத்துப் போனவ மேல எதுக்கு இல்லாத பழியப் போடற? நல்லவேள, அவ போனு கீது. எல்லாம் அதுல பதிவாயிருக்குது. போனு பொய் சொல்லுமா?"

உன் வீட்டுக்காரர் மட்டும் என்னைக் கைவிடவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில், "உங்க போன்ல இருக்கறது உங்களுக்குப் புடிச்சதா இருக்கும்ங்க. அதுல ஒண்ணும் தப்பில்லிங்க" என்று எனக்கு மன்னிப்புக் கொடுத்தார். ஒரு பாக்கெட் விபூதியும் கொடுத்தனுப்பினார்.

வீடு வரை நடந்துகொண்டே உன்னைத்தான் திட்டினேன். அவர்களைத் திட்டி என்ன பயன்? அவர்களுக்கு நீ காட்டியது அவ்வளவுதான். செயலியைத் திட்டி என்ன பயன்? அதற்குப் போன் தெரியும், போனைப் பிடித்திருக்கிற கை யாருடையது என்று தெரியாது. நீ ஒரே ஒரு நாள், உன் வீட்டில், உன் போனில், கதவைச் சாத்தாமல் அந்தப் பாட்டைப் போட்டிருக்கலாம்டி. ஒரு சண்டை வந்திருக்கும். உன் மாமியார் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார், அது உனக்கு லாபம்தான். சம்பாதிக்கிறவள், உன்னை யார் என்ன செய்திருப்பார்கள்? சிரித்து மழுப்பிவிட்டு எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். இப்போது உன்னை அறிந்தவள் என்று நான் எங்கே போய்ச் சொன்னாலும் பொய்க்காரி ஆகிறேன். திதிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். போவேன். அந்த ஸ்பீக்கருக்கு எதிரில் இலை போடுவார்கள், உட்கார்ந்து சாப்பிடுவேன்.

என் மகள் போன மாதம் என் போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னும் எதுக்கு இந்தக் கருமம்? எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா ஆரம்பிச்சா ஒரு வாரத்துல உன் வீணை திரும்ப வந்துடும், ஆப்பு மறந்துடும்" என்றாள். கையில் வாங்கிச் செய்தும் கொடுத்திருப்பாள். பிடுங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நாள் கேட்டும் அந்த டப்பாச் சத்தம் எனக்குத் தலைவலிதான். ஆனால் அந்தச் செயலிக்கு நீ செத்தது தெரியாது. வாரம் தவறாமல் உனக்குப் புதிதாக எதையாவது தேடிக் கொண்டுவந்து வைக்கிறது, நீ கேட்டிராத பாட்டு, உனக்குப் பிறகு வந்த பாட்டு. இன்றும் பஸ் உன் கடையைத் தாண்டியதும் ஒன்று வந்தது. பையனுக்குக் குரலே இல்லை. இரண்டாவது அடியிலேயே எனக்கு எரிச்சல். ஆனாலும் கலெக்டர் ஆபீஸ் வரும்வரை முழுதாகக் கேட்டேன். பாதியில் நிறுத்தினால் உனக்குப் பிடிக்கவில்லை என்று அது எழுதிக்கொள்ளும்.