என் பெயரில் இருக்கும் கணக்கு

2008, வெள்ளி இரவு. தோஹாவின் நஜ்மா பகுதி.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள்: நான், இவர், நாத்தனார் ரஹீமா. வேறு யாரும் இல்லை.

போன நோன்பில் ரஹீமாதான், சொந்தபந்தங்கள் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் இணையதளத்தில், என் பெயரில் அந்தக் கணக்கைத் திறந்தாள். கடவுச்சொல்லும் அவளிடமே இருக்கிறது. ஊர்க் கல்யாணத்தில், பெண்கள் மட்டும் இருந்த மருதாணி இரவில், தலையில் துணியில்லாமல் நான் சிரிக்கும் படத்தை அதில் போட்டுவிட்டாள். அவள் கணக்கிலிருந்து வெளியேறாமல் எழுந்துபோன ஒரு நாள் நான் அதை மூடினேன். அவள் உள்ளே நுழைந்ததும் படத்தோடு திரும்பத் திறந்துகொண்டது.

"எத்தனை தடவை மூடினாலும் நான் திறப்பேன் மைனி. அழகாத்தானே இருக்கீங்க!" என்று சிரித்தாள்.

"விடேன், நம்ம குடும்பத்து ஆளுங்கதானே பாக்குறாங்க" என்றார் இவர்.

"குடும்பத்துல ஆம்பளைங்களே இல்லையா?" என்று கேட்டேன்.

அடியோடு அழிக்க நிறுவனத்துக்கே எழுத வேண்டுமாம். உதவிப் பக்கத்தை அகராதி வைத்துப் படித்துக் கண்டுபிடித்தேன். இருவர் கண் முன்னாலேயே, தெரிந்த இங்கிலீஷில் தட்டினேன்.

"ஊர்ல எல்லாரும் கோவிச்சுக்குவாங்க மைனி."

கோபித்துக்கொள்ளட்டும். அல்லாஹ்விடம் எனக்காக அவர்களா பதில் சொல்லப்போகிறார்கள்?

அனுப்பியது இதுதான்: பெயர் என்னுடையது, முகமும் என்னுடையது. மூட வேண்டாம், அழித்துவிடுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.