இரட்டைக் கூரை யாருடைய யோசனை

சித்திரை, செவ்வாய்

காலையிலேயே பட்டறைத் தகரத்தைத் தொட முடியவில்லை. ராசண்ணன் லாரிக்குப் பாடி கட்டும் வேலை முடிந்தது. வியாழன் அவருக்கு நாக்பூர் லோடு. கேபின் கூரைக்கு மேலே இடைவெளி விட்டு இன்னொரு தகடு, நடுவில் காற்று ஓட. இப்படி நாங்கள் செய்யும் முதல் வண்டி. வேகத்தில் மேல் தகடு பிய்த்துக்கொண்டால்? பின்னால் பைக்கில் வருகிறவன்? நினைக்கக் கூடாது.

இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர் போன். வெள்ளிக்கிழமை மாணவர்களிடம் பேச வேண்டுமாம். இரட்டைக் கூரை யோசனை பளிச்சென்று தோன்றிய அந்த நொடியைச் சொல்ல வேண்டுமாம். அப்படி ஒரு நொடியே இல்லையே. நாங்கள் முன்பு கட்டிய கேபினில் சூடு தாங்காமல் லாரிக்கு அடியில் படுத்ததாக ராசண்ணன் சண்டைக்கு வந்தார். என் தம்பி பிரபு, கோபத்தில், மிச்சத் தகடு ஒன்றைத் தூக்கிக் கூரை மேல் போட்டான். அளவெடுத்து இடைவெளி விட்டது நான். இதில் எது நொடி?

புதன்

கல்லூரி நோட்டீஸ் வாட்ஸப்பில். என் போட்டோ மட்டும். ‘ஒரு பெண்ணின் கனவில் உதித்த கூரை.’ கனவா? பிரபு பார்த்தான். மதியம் சாப்பிட வரவில்லை. அவன் பெயரையும் போடச் சொல்லிப் பேராசிரியரிடம் கேட்டேன். ஒரே பெயர் இருந்தால்தான் கதை நிற்கும் என்கிறார்.

பிரைமர் வாங்கப் போனேன். டீக்கடையில் பக்கத்துப் பட்டறைக்காரர், என் காதில் விழட்டும் என்றே: “எல்லாம் வடக்க பாத்துட்டு வந்து காப்பி அடிக்கறதுங்க. இங்க யாரு புதுசா யோசிக்கறா?”

வியாழன்

மதியம் கிருஷ்ணகிரியிலிருந்து ராசண்ணன். “அம்மணி, மேல் தகடு தடதடன்னு அடிக்குதுங்க. வண்டிய ஓரங்கட்டிட்டேன்.”

ரிவெட் ஆணி விட்டிருக்கும். பிரபு டிரில்லையும் போல்ட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன். “நாளைக்கு நீ காலேஜ்ல பேசோணுமல்லக்கா.” குத்தலா, இல்லையா? தெரியவில்லை.

வெள்ளி

ஏசி ஹால். எனக்கு மட்டும் வேர்வை. கனவெல்லாம் இல்லை, சண்டையில் ஆரம்பித்தது என்றேன். சிரித்தார்கள். அப்படியானால் இது யார் யோசனை என்று எழுதுவது என ஒரு மாணவி கேட்டாள். பேராசிரியர் என்னைக் கை காட்டினார்.

“மூணு பேருதுங்க. ஆனா இப்ப அந்தத் தகடு கழண்டு ஆடுது. என் தம்பி கிருஷ்ணகிரில வெயில்ல நின்னு மாட்டிட்டு இருக்கான். அவன் பேர மொதல்ல எழுதுங்க.”

பேராசிரியர் முகம் சுருங்கிவிட்டது. கழன்றதைச் சொல்லியிருக்க வேண்டாமோ? இனி நம்பி யார் வண்டி விடுவார்கள்?

சனி

பிரபு வந்தான். ரிவெட்டுக்குப் பதில் போல்ட், அடியில் பழைய டியூப் ரப்பர். ரப்பர் வைக்கச் சொன்னது அங்கிருந்த பஞ்சர் கடைக்காரராம். ஆக, நாலாவது ஆள். பெயர் கேட்கவில்லையாம்.

யாரோ ஹாலில் எடுத்த வீடியோவைப் பஸ்ஸிலேயே பார்த்திருக்கிறான். “கழண்டதையெல்லாம் எதுக்குக்கா சொன்ன?” என்றான். பிறகு சாப்பிட உட்கார்ந்தான். ரசம் மறுபடி கேட்டான்.

திங்கள்

ராசண்ணன் போன், நாக்பூர் போய்ச் சேர்ந்து. “மத்தியான வெயில்ல கேபின்லயே தூங்கிட்டனுங்க அம்மணி.”

போனைத் தம்பியிடம் நீட்டினேன்.

“சத்தம் வருதுங்களாண்ணா?”

என்ன பதில் வந்ததோ. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டித் தகட்டில் போல்ட்டுக்குத் துளை போட ஆரம்பித்தான்.