எந்த வகுப்பு என்று கேட்டு

செவ்வாய், இரவு

நந்தனம் ஆபீசில் இன்றும் அதே வேலை. பொதுமக்களுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லித்தரும் வகுப்புகளை அரசுப் பட்டியலில் ஏற்றினேன்.

பக்கத்து சீட் ஷாகிரா, "ஊருக்கெல்லாம் லிஸ்ட் போடறியே, நீ ஒரு கிளாஸுக்காவது போயிருக்கியாடி?" என்றாள். சிரித்துவைத்தேன். நான் போட்ட பிறந்தநாள் படத்திலிருந்து மகள் முகத்தை எடுத்து யாரோ போலிக் கணக்கு நடத்துவதை அவளிடம் சொல்லவில்லை. வீட்டில் இவரிடமும் சொல்லவில்லை.

குழந்தை தூங்கினதும், பட்டியலில் இருக்கும் விசாரணை முகவரிக்குப் பெயர் போடாமல் மெயில் எழுதினேன். "இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். குழந்தையின் படத்தைப் பறிகொடுத்த அம்மா எந்த வகுப்புக்குப் போகணும்?"

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்த முகவரிக்கு வரும் மெயில்களைக் காலையில் திறந்து பதில் எழுதுவது நான்தான். அனுப்பியதைத் திறந்து மறுபடி படித்தேன்.

கடைசி வரி, "சீக்கிரம் பதில் போடுங்க."