மாப்பிள்ளை வீட்டுக் கூறைப்புடவை

தங்கைக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை கூசுகிறது. உன் மகள் வெண்மதியைத் தன் மகன் மத்தேயோவுக்குப் பெண் கேட்டு வந்த தாய், சோளமடலில் பொதிந்து அவித்த பலகாரம் கொண்டுவந்தாள். அவள் படியிறங்கியதும் அதைக் குப்பையில் கொட்டிவிட்டு, “ஸ்பானிஷ் பேசுற வந்தேறிச் சனங்கக்கா, நம்ம அந்தஸ்துக்கு ஆகுமா?” என்று என்னிடம் தொலைபேசியில் சிரித்தாய்.

நீ இப்போது குடியிருக்கும் டெக்சாஸ் மெக்சிகோவாக இருந்த நாளிலேயே அந்தக் குடும்பம் அங்கே உழுதது. ஆங்கிலம் பேசுவோர் பிற்பாடு வந்து எல்லையை நகர்த்தினார்கள்; ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளைப் பள்ளியில் அடித்தார்கள். நம் அப்பாவும் அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட தருமபுரத்தில் வீட்டைவிட்டு அசையாமலே பிரெஞ்சுக் கொடியிலிருந்து இந்தியக் கொடிக்கு மாறியவர்தான். அவரை எவரும் வந்தேறி என்றதில்லை. விமானமேறிப் போய் இறங்கியவள் நீ.

நேற்று வெண்மதி, “பெரியம்மா, கல்யாணத்துக்கு நீங்களாவது வருவீங்களா?” என்றாள்.

“வரேன்டி. அழுவாத.”

கூறைப்புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் முறை. மத்தேயோவின் தாயிடம் அனுமதி பெற்று, அதை நானே எடுத்துவிட்டேன். ஆகவே நான் இப்போது மாப்பிள்ளை வீட்டுக்காரி. திருமணத்துக்கு நீ வருவதாயிருந்தால், முன்னதாக வந்து வாசலில் நின்று எங்களை வரவேற்க வேண்டும்.

சம்பந்தி முறையில்,
உன் அக்கா